கிளட்ச் எப்போது தேய்கிறது?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒர்க்‌ஷாப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கிளட்ச் பிளேட் இன்னும் எத்தனை கிலோமீட்டர் வரும்?" இன்ஜின் ஆயிலைப் பற்றியோ டயரைப் பற்றியோ இப்படிக் கேட்டால் ஓரளவு பொருத்தமான பதில் கிடைக்கும். கிளட்சுக்குக் கிடைக்காது. ஒரே மாடல், ஒரே ஊர். ஆனாலும் ஒரு வண்டி 40,000 கிலோமீட்டரிலேயே கியர்பாக்ஸை இறக்க வந்து நிற்கும். இன்னொன்று ஒரு லட்சத்தைத் தாண்டியும் கம்பெனியில் பூட்டிய பிளேட்டோடு ஓடிக்கொண்டிருக்கும். நெரிசல், மலைப்பாதை, பாரம் என்று காரணங்கள் பல. இருந்தாலும் பெரும்பங்கு ஓட்டுபவரின் இடது காலில்தான் இருக்கிறது. கிளட்சின் ஆயுளைத் தீர்மானிப்பது அது வாங்கிய சூடு. ஓடிய தூரத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் எதற்கு உண்மையான பலன் உண்டு என்பதை யாரும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பெட்ரோல், டீசல் இன்ஜின்களுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நின்ற இடத்திலிருந்து அவற்றால் இழுக்க முடியாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு உயிர். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. 800 சுற்றில் சுழலும் தண்டையும் நிற்கும் தண்டையும் நேரடியாக இணைத்தால் இன்ஜின் அந்தக் கணமே அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, கொஞ்ச நேரம் வழுக்கி, மெல்லப் பிடித்து, பிறகு இறுகக் கவ்விக்கொள்ளும் ஒரு பொருள் தேவை. மின்சாரக் கார்களில் கிளட்ச் இல்லாததற்குக் காரணம் இதுதான்: மோட்டாரால் பூஜ்ய வேகத்திலேயே முழு பலத்தோடு இழுக்க முடியும்.

1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில், தோல் பட்டை ஒன்றைச் சும்மா சுழலும் கப்பியிலிருந்து இழுக்கும் கப்பிக்கு நகர்த்துவதே கிளட்சின் வேலையாக இருந்தது. பின்னர் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்சுகள் வந்தன. தோல் காய்ந்து விறைத்துவிடாமலிருக்க அதற்கு ஆமணக்கெண்ணெய் தடவிப் பதப்படுத்துவது அக்கால டிரைவர்களின் வேலைகளில் ஒன்று. இன்றைய கார்களில் இருப்பது உலர்ந்த ஒற்றைத் தட்டு. இன்ஜினின் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதன் மேல் பூட்டிய பிரஷர் பிளேட்டை டயஃப்ரம் ஸ்பிரிங் என்ற வட்டமான எஃகுத் தகடு அழுத்திக்கொண்டிருக்கிறது. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பது கிளட்ச் பிளேட். அதன் இரு முகங்களிலும் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. பிரஷர் பிளேட் பின்வாங்குகிறது. நடுவிலுள்ள பிளேட் விடுபடுகிறது. காலை எடுத்தால் மறுபடி கவ்விக்கொள்கிறது.

அந்த லைனிங்கில் தேய்வதற்கென்று இருப்பது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் ரிவெட் தலை ஃப்ளைவீலைச் சுரண்டத் தொடங்கிவிடும். ஒரு காரின் கிளட்ச் ஆயுள் முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது.

உராய்வு என்றதும் பலருக்குத் தோன்றுவது, தட்டு பெரிதாக இருந்தால் பிடிமானம் கூடும் என்பது. 1699இல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமொன்தோன் சொன்னதும், அடுத்த நூற்றாண்டில் கூலும் என்ற அறிஞர் சோதனைகளால் உறுதிப்படுத்தியதும் வேறு. உராய்வு விசை, அழுத்தும் விசையைச் சார்ந்தது. தொடும் பரப்பின் அளவை அது பொருட்படுத்துவதில்லை. அப்படியானால் லாரிக்கு ஏன் அவ்வளவு பெரிய பிளேட்? ஆரம் கூடும்போது அதே விசை தரும் முறுக்குத்திறன் கூடுகிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது இன்னொன்று: உராய்வில் பிறக்கும் சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளப் பரப்பு வேண்டும். லைனிங்கின் நார்களையும் தாதுத் தூள்களையும் பிணைத்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். வெப்பம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது அந்தப் பிசின் சிதையத் தொடங்குகிறது. மலையேறும் வண்டிகளுக்கு அருகே நின்றால் மூக்கில் ஏறும் அந்தக் காரமான கருகல் வாடை, பிசின் எரியும் வாடைதான். பின்னால் வருபவருக்கு அது வெறும் நாற்றம். வண்டிக்காரருக்கு அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு பகுதி போய்க்கொண்டிருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். பெடலை முழுவதும் விட்டிருக்கும்போது பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றாகச் சுழல்கின்றன. உரசலே இல்லை, தேய்மானமும் இல்லை. முழுவதும் மிதித்திருக்கும்போது பிளேட் விடுபட்டு நிற்கிறது. அங்கும் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஹாஃப் கிளட்ச் நிலையில் மட்டுமே பிளேட் தேய்கிறது. நெடுஞ்சாலையில் டாப் கியரில் மணிக்கணக்காக ஓடும் வண்டியின் கிளட்ச் ஏறக்குறைய ஓய்வில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

சமதரையில் வண்டியைக் கிளப்பும்போது என்ன நடக்கிறது? இன்ஜினை 1500 சுற்றில் நிலையாக வைத்துக்கொண்டு பெடலை விடுகிறோம் என்று கொள்வோம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரில், முதல் கியரில், 1500 சுற்றுக்கு ஈடான வேகம் மணிக்கு ஏறத்தாழ பத்தரை கிலோமீட்டர். அந்த வேகத்தை எட்டும்வரை பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் வண்டி பெறும் இயக்க ஆற்றல் சுமார் 4,300 ஜூல். கிளட்சில் சூடாக வீணாவதும் துல்லியமாக அதே அளவு. இன்ஜின் கொடுத்ததில் பாதி வண்டிக்கு, பாதி சூட்டுக்கு. பெடலை ஒரு விநாடியில் விட்டாலும் மூன்று விநாடியில் விட்டாலும் இந்தப் பங்கு மாறாது. எனக்கு இந்த இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் நாம் நினைத்திருப்பதற்கு இது நேர்மாறானது. வண்டி குலுங்காமல் கிளம்ப மெல்ல விடுவது நல்லதுதான். ஆனால் சூட்டின் மொத்த அளவைத் தீர்மானிப்பது விடும் வேகம் இல்லை, இன்ஜினின் சுற்று.

அதுவும் சுற்றின் இருமடியில் கூடுகிறது. 1500க்குப் பதில் 3000 சுற்றுக்கு முறுக்கிக்கொண்டு கிளப்பினால் சூடு இரண்டு மடங்காகாது; நான்கு மடங்காகி 17,000 ஜூலைத் தாண்டும். இரண்டாவது கியரில் கிளப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு, "இன்ஜின்தான் இழுக்குதே" என்பார்கள். அதே 1500 சுற்றுக்கு இரண்டாவது கியரின் வேகம் கிட்டத்தட்ட இருமடங்கு என்பதால், அங்கே சூடு மூன்று மடங்குக்கும் மேல். இழுப்பது இன்ஜின்தான் என்றாலும் கருகுவது பிளேட். டிரைவிங் ஸ்கூலில் "கிளட்சை மெதுவா விடுங்க" என்று நூறு முறை சொல்கிறார்கள். "ஆக்சிலேட்டரைக் குறைச்சு வைங்க" என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லிக்கொடுத்தால் ஊரிலுள்ள பாதிப் பிளேட்டுகள் பிழைத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

மேட்டில் நிலைமை வேறு. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாளில் ஏதோ ஒரு வளைவில் பேருந்துக்கு வழிவிட வரிசை நின்றுவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டியைப் பின்னால் உருளவிடாமல் அந்தரத்தில் நிறுத்தி வைப்பதைப் பலர் திறமை என்றே நினைக்கிறார்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், அதே ஆயிரம் கிலோ வண்டியைப் பிடித்து நிறுத்தக் கிளட்ச் வழியே சுமார் 18 நியூட்டன் மீட்டர் முறுக்குத்திறன் போக வேண்டும். இன்ஜின் 1200 சுற்றில் ஓடினால் அது ஏறத்தாழ 2.3 கிலோவாட். வண்டி அசையவில்லை, ஆக இது மொத்தமும் சூடு. வீட்டுக் குளியலறை கீசரின் திறனே பெரும்பாலும் 2 கிலோவாட்தான். தண்ணீர் இல்லாத ஒரு கீசரை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே எரியவிட்டதற்கு இது சமம். ஒரு நிமிடம் இப்படி நின்றால், சமதரையில் முப்பது முறை பொறுமையாகக் கிளப்பிய சூடு பிளேட்டில் இறங்கியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நியூட்ரலுக்குப் போனால் இதில் ஒரு ஜூல்கூடச் செலவில்லை. புறப்படும்போது, கிளட்ச் பிடிக்கத் தொடங்கி வண்டியின் மூக்கு லேசாக எழும்பும் கணத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளாது. பழகச் சில நாள் ஆகும், அவ்வளவுதான்.

இறக்கத்தில் வேறொரு ஆபத்து. முதல் கியரில் வைத்துக்கொண்டு கிளட்சை மிதித்தபடி வண்டியை உருளவிட்டால், இன்ஜின் சும்மா சுற்றினாலும் பிளேட்டைச் சக்கரங்கள் சுழற்றிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன காரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் பிளேட் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றைத் தாண்டிவிடும். லைனிங் சிதறிப் போகும் அளவுக்கு அது போகக்கூடும். தவிர, இன்ஜின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. இறங்கும்போது கியரிலேயே, கால் கிளட்சில் இல்லாமல் இறங்க வேண்டும்.

நெரிசலில் ஊரும்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்வண்டியோடு ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் இடம் விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டுவிட்டால், ஐடிலிங்கிலேயே மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தானாக நகரும். முன்வண்டி ஓரடி நகரும்போதெல்லாம் நாமும் ஓரடி நகர்வதுதான் பிளேட்டைத் தின்கிறது. சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரல். முழுவதும் மிதித்து வைத்தால் பிளேட் தேயாது என்பது உண்மை. ஆனால் ரிலீஸ் பேரிங்கும், கிராங்க் தண்டை முன்பின் நகராமல் தாங்கும் வாஷர்களும் அந்த நேரம் முழுக்கச் சுமை தாங்குகின்றன.

பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது ஏன் கெடுதல் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு தீய சுழல் இருக்கிறது. லைனிங் தேயத் தேயப் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. டயஃப்ரம் ஸ்பிரிங்கின் நடுவிலுள்ள விரல்கள் அதற்கு எதிர்த்திசையில், ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. அதுவும் நெம்புகோல் விகிதத்தால் மூன்று நான்கு மடங்காகப் பெருகி வருகின்றன. கேபிளில் இயங்கும் கிளட்சில் பெடலை மிதித்ததும் முதலில் தட்டுப்படும் சிறு தளர்ச்சி, ஃப்ரீ பிளே, இதற்காகவே விடப்பட்டது. பிளேட் தேயும்போது கேபிள் நீண்டு தளரும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது தலைகீழ்: ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் அது பூஜ்யமாகும். அப்போது பேரிங் எந்நேரமும் விரல்களை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும், பிரஷர் பிளேட்டின் பிடி தளரும், பிளேட் வழுக்கும், வழுக்கினால் இன்னும் தேயும், தேய்ந்தால் பேரிங் இன்னும் அழுத்தும். பெடலில் ஓய்வெடுக்கும் கால் இந்தச் சுழலை முதல் நாளிலிருந்தே தொடங்கி வைக்கிறது. கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் ஒவ்வொரு சர்வீஸிலும் ஃப்ரீ பிளேயை அளந்து, கையேட்டில் உள்ளபடி வைக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. கிளட்சுக்குச் செய்யும் பராமரிப்பில் இதைவிட மலிவானதும் பலன் மிக்கதும் வேறில்லை.

ஹைட்ராலிக் கிளட்ச் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். அங்கே கவனிக்க வேண்டியது எண்ணெய். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் ஆயிலே இதற்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்தால் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்கும், ரப்பர் சீல் கிழியும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. டப்பாவில் குறைகிறதே என்று கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால் சீல்கள் எல்லாம் ஊதிப் போய்விடும். பெடல் திடீரென்று பஞ்சு போல் உள்ளே போனால் காற்று புகுந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது.

கிளட்ச் பழுதாவதற்கு முன் நிறையச் சொல்லும். பெடல் வழக்கத்தைவிடக் கனக்கத் தொடங்கினால், பிளேட் தேய்ந்து டயஃப்ரம் ஸ்பிரிங் தன் வசதியான நிலையிலிருந்து விலகிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். ஏற்றத்தில் நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா, அது ஸ்லிப். இது முதலில் உயர்ந்த கியரில் தெரிவதற்குக் காரணம் உண்டு. கீழ்க் கியரில் இன்ஜின் விரைந்து வேகமெடுப்பதால் அதன் பலத்தில் ஒரு பகுதி தன் ஃப்ளைவீலையே முடுக்கச் செலவாகிறது. கிளட்ச் வழியே போவது குறைவு. மேல் கியரில் சுற்று மெல்ல ஏறுவதால் கிட்டத்தட்ட முழு முறுக்குத்திறனும் பிளேட்டின் மேல் விழுகிறது. தளர்ந்த பிடி அங்கேதான் முதலில் தோற்கும்.

இதற்கு எதிரான நோய், முழுவதும் மிதித்தும் பிளேட் விடுபடாமல் இழுத்துக்கொண்டிருப்பது. பெடலை அழுத்தி, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கரகரவென்று கடித்தால் இழுக்கிறது. கேபிள் மிகையாகத் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக்கில் காற்று இருக்கலாம், சூட்டில் பிளேட் வளைந்திருக்கலாம். மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியிலும் வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்வதுண்டு. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வரும் சத்தம் மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன்தண்டுப் பேரிங். கிளப்பும்போது வண்டி உதறினால் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டுகள் விழுந்திருக்கலாம். ஆனால் இன்ஜின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இதே உதறல் வரும். கியர்பாக்ஸை இறக்கும் முன் அதைப் பார்த்துவிடச் சொல்வது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் உலர்ந்ததில்லை. பல தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிச் சுழல்கின்றன. எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்வதால் நெரிசலை நன்றாகத் தாங்கும். ஆனால் கார்களுக்கான சில ஆயில்களில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அவை பைக் கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான். லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்ச்சி பொதுவாகப் போதும்.

எவ்வளவு காத்தாலும் ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். அப்போது பிளேட்டை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். செலவில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகப் போட்டு, கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று அதே கையோடு பார்த்துவிட வேண்டும். ஒரு துளி எண்ணெய் புதுப் பிளேட்டைக் கெடுத்துவிடும். ஃப்ளைவீலில் நீலத் திட்டும் வெடிப்பும் இருந்தால் கடைசல் பிடிக்க வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உள்ளே படிந்திருக்கும் கருந்தூளைக் காற்றுக் குழாயால் ஊதி எடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் பையனுக்கு முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதுப் பிளேட்டின் முகம் ஃப்ளைவீலோடு முழுவதும் பொருந்தி உட்காரச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை தொடுவது மேடான புள்ளிகள் மட்டுமே. சூடு அங்கேதான் குவியும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டினால் பிளேட் உட்காராது. ஊருக்குள், நின்று நின்று, குறைந்த சுற்றில் கிளப்பி ஓட்டினால்தான் உட்காரும். மலைப் பயணமும் முழுப் பாரமும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.